சே-வுக்கு ஒரு ட்யூன்... லிஸ்பன் ஏர்போர்ட்டில் அரெஸ்ட்!

சே குவேரா படம் போட்ட டி-ஷர்ட் உங்ககிட்ட இருக்கா? இல்லைன்னாலும் ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் கொடியில நிச்சயம் ஒண்ணு காயும். அதைப் போட்டுக்கிட்டு கேம்பஸை நாலு ரவுண்டு சுத்தினாலும் யாரும் உங்களைப் பிடிச்சு உள்ளே வைக்க மாட்டாங்க. ஆனா, அதே சே-வுக்காக ஒரு ட்யூன் போட்டு, மேடையில் அதை வாசிக்கும் முன் ஒரே ஒரு வாக்கியம் பேசியதற்காக ஒரு மனிதரை ஏர்போர்ட்டில் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள்.

அவர் பெயர் சார்லி ஹேடன். அமெரிக்காக்காரர். வாசித்தது டபுள் பேஸ்.

1971 நவம்பர் 20. போர்ச்சுகலில் லிஸ்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் கஷ்காய்ஸ் என்ற ஊரில் ஜாஸ் திருவிழா. அப்போது போர்ச்சுகலில் நடந்துகொண்டிருந்தது சர்வாதிகாரம். அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் என்று ஆப்பிரிக்காவில் மூன்று காலனிகளில் விடுதலை கேட்டவர்கள் மீது அந்த அரசு போர் நடத்திக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஒரு நாட்டில் போய் வாசிக்க ஹேடனுக்குத் துளியும் மனசில்லை. ஆனால், குழுவின் தலைவர் ஆர்னெட் கோல்மன் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. சரி, போவோம்... போய் நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று கிளம்பினார்.

'சாங் ஃபார் சே' என்ற தன்னுடைய ட்யூனை ஆரம்பிக்கும் முன் மைக்கைப் பிடித்து, அந்த மூன்று நாடுகளின் கறுப்பின மக்களுடைய விடுதலை இயக்கங்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன் என்றார். அவ்வளவுதான் மேட்டர். ஹால் இடிந்துவிழும் அளவுக்குக் கத்தல். கத்தியவர்களில் நிறைய பேர் உங்களை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்.

மறுநாள் விமானம் ஏறப்போன இடத்தில் ரகசியப் போலீஸ் வந்து ஹேடனை மட்டும் தனியாக அழைத்துக்கொண்டு போனது. விசாரணை, மிரட்டல், சிறை. அமெரிக்கத் தூதரகத்தின் கலாசார அதிகாரி தலையிட்ட பிறகுதான் விட்டார்கள். ஊர் திரும்பிய பிறகு எஃப்.பி.ஐ. ஆட்களும் வீடு தேடி வந்து விசாரித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1974 ஏப்ரலில் போர்ச்சுகலில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. ஹேடன் மறுபடி அங்கே போய் வாசித்தார்!

ஓகே, டபுள் பேஸ்னா என்ன? ஆறடி ஆள் ஒருவர் நின்றால் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரம். வயலினின் பூதாகரமான பெரியண்ணன். நாலே நாலு தந்தி. நின்றுகொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்கிற மாதிரி சாய்த்துக்கொண்டு, விரலால் சுண்டி வாசிக்க வேண்டும். ஜாஸ் குழுவில் சாக்ஸஃபோன், ட்ரம்பெட் ஆசாமிகள் எல்லாம் ஹீரோக்கள். பேஸ் ஆசாமி பின்னால் நிற்பவர். அவர் வாசிப்பதை நிறைய பேர் கவனிக்கவே மாட்டார்கள். ஆனால், அவர் நிறுத்தினால் அடுத்த நொடி எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஏதோ காலுக்குக் கீழே தரை போய்விட்டது என்று.

இன்னொரு விஷயம். இந்த வாத்தியத்தின் அடித் தந்தி நொடிக்கு 41 முறைதான் அதிரும். உங்கள் போன் ஸ்பீக்கருக்கு அதெல்லாம் எட்டாது. ஆக, ஹேடனைக் கேட்பதென்றால் ஹெட்போன் கட்டாயம், பாஸ்!

ஹேடன் பேஸுக்கு வந்த கதை சினிமாவுக்குக்கூடத் தாங்காது. 1937 ஆகஸ்ட் 6-ல் அயோவா மாகாணத்தின் ஷெனன்டோவா என்ற சின்ன ஊரில் பிறந்தார். மொத்தக் குடும்பமும் ரேடியோவில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடும் 'ஹேடன் ஃபேமிலி'. தாலாட்டியபடி அம்மா பாட, மடியில் இருந்த குழந்தை கூடவே வேறொரு சுருதியில் ஒத்துப் பாடியதாம். அப்புறமென்ன... இரண்டு வயது முடிவதற்குள் 'கௌபாய் சார்லி' என்ற பெயரில் ரேடியோவில் ஏற்றிவிட்டார்கள். பதினைந்து வயது வரை பாட்டுதான் வாழ்க்கை.

பதினைந்தில் போலியோ வந்தது. காலைத் தாக்கும் போலியோவைத்தான் நமக்குத் தெரியும். இவருக்குத் தொண்டையையும் முகத்து நரம்புகளையும் பிடித்தது. உயிர் பிழைத்தார். குரல் போய்விட்டது. பேச முடியும், ஆனால் மேடையில் சுருதி பிடித்து நின்று பாடும் அந்தக் குரல் திரும்பவில்லை. வீட்டில் அண்ணனுடைய டபுள் பேஸ் இருந்தது. அதைக் கையில் எடுத்தார்.

அதனால்தானோ என்னவோ, ஹேடனின் பேஸ் வாசிப்பில் வித்தை காட்டுவதே இருக்காது. எலெக்ட்ரிக் கிடார் ரேஞ்சுக்குச் சரசரவென்று ஓடும் பேஸ் கலைஞர்கள் எத்தனையோ பேர். இவர் மெதுவாக, கீழ் ஸ்தாயியில், ஒரு ஸ்வரத்தைச் சுண்டிவிட்டு அது தானாக அடங்கும் வரை காத்திருப்பார். மேல் தந்திகளுக்கு உலோகத்துக்குப் பதில் பழைய காலத்து குடல் நரம்பைத்தான் விரும்பினார். அந்த மரத்தின் சத்தம் வரும். ஸ்பீடு பிரியர்களுக்கு போர் அடிக்கலாம். அடித்தால் அடிக்கட்டும்.

1957-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். ஒரு நாள் ராத்திரி கிளப் ஒன்றில் உட்கார்ந்திருக்கும்போது, வெள்ளை நிற பிளாஸ்டிக் சாக்ஸஃபோனோடு ஓர் இளைஞர் மேடையேறி வாசிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்திலேயே போதும், இறங்கு என்று அனுப்பிவிட்டார்கள். வாசித்தவர் ஆர்னெட் கோல்மன். அவரைத் தேடிப் பிடித்த ஹேடன், ஆர்னெட்டின் அறையில் தரை முழுக்க நோட்ஸ் காகிதங்கள் இறைந்து கிடக்க, நாள் முழுவதும் வாசித்தார்.

ஆர்னெட்டை ஏன் இறக்கிவிட்டார்கள்? உங்கள் கிளாஸில் கிடார் வாசிக்கும் பையனைக் கேளுங்கள், ஒரு பாட்டுக்கு 'கார்ட்ஸ்' என்று ஒரு வரிசை இருக்கும் என்பான். வழக்கமான ஜாஸில் அந்த வரிசை திரும்பத் திரும்பச் சுற்றி வரும். அதன் மேல்தான் கற்பனை செய்து வாசிப்பார்கள். பேஸ்காரர் அந்த வரிசையின் அடி ஸ்வரங்களை ஒவ்வொரு தட்டுக்கும் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஆர்னெட் அந்த வரிசையையே தூக்கிப் போட்டுவிட்டார். மனசு எங்கே போகிறதோ, மெட்டு அங்கே போகும். அப்படியானால் பேஸ்காரர் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? கையில் மேப் கிடையாது. கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். சின்ன வயதில் அம்மா எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் ஒத்துப் பாடிய அந்தக் காது இங்கேதான் உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது.

1959 மே மாதம் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' ஆல்பம் பதிவானது. ஆர்னெட், டான் செர்ரி, டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ், பேஸில் ஹேடன். பியானோ கிடையாது. அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கின் 'ஃபைவ் ஸ்பாட்' கிளப்பில் இந்த நால்வரும் இறங்கியபோது ஊரே இரண்டுபட்டது. மேதை என்றார்கள் பாதிப் பேர். பித்தலாட்டம் என்றார்கள் மீதிப் பேர். ஹேடன் பேட்டிகளில் சொன்ன கதை ஒன்று செம தமாஷ். முதல் நாள் தலைநிமிர்ந்து பார்த்தால் பார் ஓரமாக நின்று இவரையே முறைத்துக்கொண்டு நிற்பது சார்லஸ் மிங்கஸ், பால் சேம்பர்ஸ், பெர்ஸி ஹீத்... அத்தனை பேரும் பேஸ் உலகின் ஜாம்பவான்கள்! அன்றிலிருந்துதான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாராம். ஒரு நாள் கண்ணைத் திறந்தால், யாரோ ஒருவர் மேடையிலேயே ஏறி, அவருடைய பேஸில் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாரென்று பார்த்தால், புகழ்பெற்ற இசை நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன்.

இருபத்திரண்டு வயதில் இந்த உயரம். கூடவே ஹெராயினும் வந்தது. இதை ஸ்டைலாகச் சொல்ல எதுவும் இல்லை. 1960-ம் வருஷத்தின் கடைசியில் 'ஃப்ரீ ஜாஸ்' பதிவில் அவரோடு இன்னொரு பேஸ் வாசித்தவர் ஸ்காட் லஃபாரோ. ஹேடனின் ரூம்மேட். 1961 ஜூலையில் லஃபாரோ இருபத்தைந்து வயதில் கார் விபத்தில் இறந்துபோனார். ஹேடனுக்குப் போதையால் சில வருஷங்கள் அப்படியே காணாமல் போயின. கலிஃபோர்னியாவில் 'சினனான்' என்ற மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து மீண்டு வந்த பிறகுதான் மறுபடி பேஸ்.

திரும்பி வந்தவர் சும்மா வரவில்லை. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த 1969-ல் 'லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா'வை ஆரம்பித்தார். இசைக்கோப்பு, கார்லா ப்ளே என்ற அபாரமான பெண்மணி. 1930-களின் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபாசிசத்தை எதிர்த்தவர்கள் பாடிய பாட்டுகள் ஒரு பக்கம், 'சாங் ஃபார் சே' இன்னொரு பக்கம். அதில் 'சர்க்கஸ் 68 69' என்று ஒன்று உண்டு. 1968-ல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், போரை நிறுத்தச் சொன்ன தீர்மானம் தோற்றதும் ஒரு பகுதிப் பிரதிநிதிகள் எழுந்து நின்று 'வி ஷல் ஓவர்கம்' பாட ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டை அமுக்க, மேடை ஆர்கெஸ்ட்ராவை வேறு பாட்டுகள் வாசிக்க வைத்தார்கள். டி.வி-யில் இதைப் பார்த்த ஹேடன், தன் குழுவையே இரண்டாகப் பிரித்து மோதவிட்டு அந்தக் கலாட்டாவை அப்படியே இசையாக்கிவிட்டார். சங்கீதம் மாதிரி இருக்காது, சண்டை மாதிரி இருக்கும். அதுதான் விஷயமே.

இந்த ஆர்கெஸ்ட்ரா ஹேடன் உயிரோடு இருந்தவரை நாலே நாலு ஸ்டூடியோ ஆல்பம்தான் போட்டது. நிக்ஸன் காலத்தில் ஒன்று, ரீகன் காலத்தில் ஒன்று, அப்பா புஷ் காலத்தில் ஒன்று. 2005-ல் வந்த நாலாவது, மகன் புஷ் காலத்தில். இராக் போரை எதிர்த்த அந்த ஆல்பத்தின் பெயர் 'நாட் இன் அவர் நேம்'. நாலு பேரும் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகள். தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?

1982-ல் 'கால் ஆர்ட்ஸ்' கல்லூரியில் ஜாஸ் பாடப்பிரிவைத் தொடங்கி வாத்தியாராகவும் ஆனார். விரல் வித்தையைவிட, மனுஷன் எப்படி இருக்கிறானோ அப்படித்தான் அவன் இசை என்பதில்தான் அவருக்குக் குறி. அங்கே படித்தவர்களில் ஒருவர் சாக்ஸஃபோன் கலைஞர் ரவி கோல்ட்ரேன். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் மகன். பெயரைப் பார்த்ததும் பொறி தட்டியிருக்குமே! பண்டிட் ரவிசங்கர் நினைவாக அப்பா வைத்த பெயர்தான்.

இதற்கு நடுவே காதுக்குள் ஓயாத இரைச்சல் கேட்கும் தொல்லையும், கொஞ்சம் சத்தம் கூடினாலே தாங்க முடியாத வலியும் ஹேடனுக்கு வந்துவிட்டன. மேடையில் டிரம்ஸுக்கும் தனக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தடுப்பு வைத்து, காதை அடைத்துக்கொண்டு வாசித்தார். ஒருவேளை அதனால்தானோ, அவருடைய பிற்காலப் பதிவுகள் அமைதியிலும் அமைதி. கிடார் கலைஞர் பாட் மெத்தனியோடு சேர்ந்து 1997-ல் வெளியிட்ட 'பியாண்ட் தி மிஸௌரி ஸ்கை' கிராமி விருது வாங்கியது. எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி கேட்க இதைவிட நல்ல ஆல்பம் எனக்குத் தெரியாது. அதில் 'ஸ்பிரிச்சுவல்' என்ற பாட்டு அவருடைய மகன் ஜோஷ் எழுதியது. அதையே ஜானி கேஷும் பாடியிருக்கிறார்.

குரல் போன பையன் மறுபடி பாடினானா என்றுதானே கேட்கிறீர்கள்? பாடினார். 1999-ல் 'தி ஆர்ட் ஆஃப் தி சாங்' ஆல்பத்தின் கடைசியில் ஒரு பழைய நாட்டுப்பாடல், சொந்தக் குரலில். மெல்லிய, நடுங்குகிற, கொஞ்சம் கரகரத்த குரல். அழகான குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு 2008-ல் 'ராம்ப்ளிங் பாய்'. மகள்கள் மூவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள், அவர்கள் பாடுகிறார்கள். மகன் பாடுகிறார். மருமகனும் பாடுகிறார். மருமகன் யார் தெரியுமா? 'ஸ்கூல் ஆஃப் ராக்' ஹீரோ ஜாக் பிளாக்! அந்த ஆல்பத்தில் 1939-ம் வருஷத்து ரேடியோ ஒலிப்பதிவு ஒன்று வரும். இரண்டு வயது கௌபாய் சார்லி பாடும் துண்டு. அதே ஆல்பத்தில் எழுபது வயது சார்லி, தன் ஊர்ப் பெயர் கொண்ட 'ஷெனன்டோவா' பாட்டைப் பாடுகிறார்.

2007-ல் பழைய தோழர் கீத் ஜாரெட் வீட்டு ஸ்டூடியோவில் இருவரும் சில நாள் உட்கார்ந்து வாசித்தார்கள். பியானோவும் பேஸும் மட்டும். முப்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு. அதில் பாதி 2010-ல் 'ஜாஸ்மின்' என்று வெளியானது. மீதி 2014 ஜூனில் 'லாஸ்ட் டான்ஸ்' என்று வந்தது. பால்யத்தில் வந்த போலியோ கடைசிக் காலத்தில் வேறு ரூபத்தில் திரும்பி வந்து, அவரால் பேஸ் வாசிக்கவே முடியாத நிலை. 2014 ஜூலை 11-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹேடன் காலமானார். 'லாஸ்ட் டான்ஸ்' ஆல்பத்தின் கடைசி ட்ராக்கின் பெயர் 'குட்பை'.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், 'மிஸௌரி ஸ்கை' சேஃப் சாய்ஸ். கொஞ்சம் தைரியம் இருந்தால் 1959 ஆல்பத்தின் முதல் ட்ராக் 'லோன்லி உமன்' போடுங்கள். டிரம்ஸ் ஒரு வேகத்தில் ஓடும், மெட்டு அதைப் பற்றிக் கவலையே படாமல் மெதுவாக அழும். இரண்டுக்கும் நடுவில், கீழே, இரண்டு தந்தியை ஒன்றாகச் சுண்டிக்கொண்டு ஒருத்தர் நிற்பார். பாட்டைத் தொடங்குவதே டிரம்ஸும் அவரும்தான். ஹெட்போன் மறந்துடாதீங்க!