ரேடியேட்டர் நீர் எங்கே போகிறது?

மோட்டார் சைக்கிளைப் போல் கால் பரப்பி அமர்ந்து, கைப்பிடியால் திருப்பி ஓட்டும் நான்கு சக்கர வண்டிக்கு ஏ.டி.வி. என்று பெயர். டாக்கார் நெடும்போட்டியில் 2009 முதல் 2024 வரை இதற்குத் தனிப் பிரிவே இருந்தது. அமெரிக்க மண் ஓடுகளங்களில் பாயும் பந்தய ஏ.டி.வி.க்களில் பெரும்பாலும் 450 கன செ.மீ. அளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இருக்கும். எஞ்சின் சிறியது, வேலையோ பெரியது. ஆகவே வெப்பமும் மிகுதி.

ஓட்டம் முடிந்ததும் எஞ்சின் கொதிக்கிறது; ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கிறது. ஓட்டுநர் மீண்டும் ஊற்றி நிரப்புகிறார். அடுத்த ஓட்டத்திலும் அதே கதை. வெப்பத்தால் நீர் போயிற்றா, நீர் போனதால் வெப்பம் ஏறிற்றா? இதை அறியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒருநாள் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் ரேடியேட்டர் மூடியைக் கவனிப்போம். பிரஷர் குக்கரின் மேல் நாம் வைக்கும் 'வெயிட்' செய்யும் வேலையை இங்கே ஒரு சுருள்வில் செய்கிறது. உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் இரு மடங்கானால் நீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தால் கொதிநிலை இன்னும் சற்று உயரும். வில் தளர்ந்துவிட்டாலோ இந்தப் பாதுகாப்பு போய், நீர் முன்னதாகவே கொதித்து வெளியே தள்ளப்படும்.

சூடான மூடியைத் திறக்கவே கூடாது. 120 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரின் அழுத்தம் சட்டென விடுபட்டால், அதில் சுமார் 37 கிராம் அந்தக் கணமே ஆவியாகும். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆவியின் பருமன் 60 லிட்டருக்கு மேல்! அது கொதிநீரையும் வாரிக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

ஆகவே ஆய்வை எஞ்சின் குளிர்ந்த பின்பே தொடங்க வேண்டும். குழாய் இணைப்புகளில் ஈரம் உண்டா? நீர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கசிவு உண்டா? இருந்தால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே சேறு அடைத்திருந்தால் காற்றுப் புகாது. விசிறியும் ஓட வேண்டும். மெதுவாகச் செல்லும்போது அதை விட்டால் காற்றுக்கு வேறு வழியில்லை.

வெளியே எங்கும் கசிவில்லை, நீர் மட்டும் குறைகிறது என்றால்தான் சிக்கல். சிலிண்டருக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு இருக்கிறது. எரியும் வாயுவின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் பல பத்து மடங்கு. மூடி தாங்குவதோ ஓரிரு மடங்கு. கேஸ்கட்டில் மயிரிழை வழி கிடைத்தாலும் வாயு நீர்ப்பாதையில் புகுந்து, நீரை மூடி வழியே வெளியே தள்ளிவிடும். பழி மூடியின் மேல் விழும்! புது மூடி வாங்கியும் பயனில்லை என்று புலம்புவோர் பலர்.

இதைக் கண்டறிவது எளிது. குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறந்து வைத்து இயக்குங்கள். தொடக்கத்தில் தேங்கிய காற்று சில குமிழிகளாக வரும், அது நின்றுவிடும். நீர் சூடேறும் முன்பே குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் அவை நீராவியாக இருக்க முடியாது, எரிந்த வாயுவே. ஐயம் தீரவில்லையா? ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் வாயுவை புரோமோதைமால் நீலக் கரைசலின் வழியே செலுத்துங்கள். எரிவாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அமிலமாகி, நீலம் மஞ்சளாகும். பள்ளி ஆய்வகத்தில் மூச்சை ஊதிப் பார்க்கும் அதே சோதனைதான்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் அதில் கலந்துவிட்டது என்று பொருள்; அதன்பின் எஞ்சினை ஒரு சுற்றுகூடச் சுழற்றக் கூடாது. கேஸ்கட்டை மாற்றும்போது தலைப்பகுதியின் அடிப்பரப்பில் நேர்விளிம்புக் கோலை வைத்துப் பாருங்கள். வெப்பத்தால் அது வளைந்திருந்தால், சமமாகத் தேய்த்த பிறகே பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கேஸ்கட்டும் அதே இடத்தில் வழி விடும்.