காலதரைத் திறந்து வையுங்கள்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசாதார் இலர். ஆயின் அதற்கு வடக்கே புல்மோட்டைக் கரையிற் கிடக்கும் கருமணலின் இயல்பை அறிந்தார் சிலரே. இல்மனைற்று முதலிய கனிமங்களோடு மொனசைற்று என்னும் கனிமமும் அம்மணலிற் சிறிதளவு கலந்துள்ளது. மொனசைற்றில் தோரியம் உண்டு. தோரியம் சிதையும் வழியில் ஒரு வளி பிறக்கின்றது. அதற்குத் தோரன் என்று பெயர். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்தின் வழிப் பிறக்கும் ரேடனுக்கு இஃது உடன்பிறப்பு.

நம் நாட்டு மண்ணின் இத்தன்மை புதிதாகத் தெரிந்ததன்று. கலாயோகி ஆனந்த குமாரசாமி இந்நாட்டுக் கனிம ஆய்வுப் பணியின் தலைவராயிருந்தபோது, 1904 ஆம் ஆண்டில், தோரியம் மிகுந்த தோரியனைற்று என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். அவரது கலைத் தொண்டைப் போற்றும் நாம் இவ்வறிவியல் தொண்டை மறந்துவிட்டோம்.

“ஐயா, அவ்வாறாயின் எங்கள் வீட்டிலும் அந்த வளி இருக்குமோ?” என்று என் மாணவன் ஒருவன் வினவினான். “அஞ்சுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும், தம்பி” என்றேன்.

இவ்வளிகளுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணும் மூக்கும் இங்கே சான்று சொல்லா. ரேடன் தளத்து வெடிப்புகளின் வழியே வீட்டினுட் புகும். அதன் சிதைவுத் துகள்கள் மூச்சோடு சென்று நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் பல கழிந்தபின் புற்றுநோயை விளைக்கக்கூடும். புகைபிடிப்பார்க்கு இவ்வாபத்துப் பன்மடங்கு. ஒரு கன மீற்றர் காற்றில் ரேடன் 100 பெக்கரலுக்கு உட்பட்டிருத்தல் நன்று என்றும், நாட்டின் நிலைமை அதற்கு இடந்தராவிடினும் 300 ஐ விஞ்சலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2009 இல் அறிவுறுத்தியது.

அளத்தல் அரிய செயலன்று. சிறு பிளாஸ்டிக் துண்டு அடங்கிய சிமிழொன்றைப் படுக்கையறையில் மூன்று திங்கள் வைத்தெடுத்து ஆய்வுகூடத்திற்கு அனுப்பினால், அதிற் பதிந்த சுவடுகளை எண்ணி அளவு கூறுவர். தோரனுக்கு வேறுவகைச் சிமிழ் வேண்டும். அது 56 செக்கனுக்குள் பாதியாகக் குறைவதால், பிறந்த சுவரை விட்டு நெடுந்தூரம் செல்லாது, சுவரருகேதான் செறிந்திருக்கும். ஆதலின் கருமணலைச் சுவருக்கும் தளத்துக்கும் பயன்படுத்தாமை நன்று. ஐயமுற்றோர் இலங்கை அணுசக்திச் சபையிடம் வினவலாம்.

நம் முன்னோர் சாளரத்தைக் காலதர் என்றும் வழங்கினர். சிலப்பதிகாரத்தில் அச்சொல்லைக் காணலாம். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழி எனப் பெயரிட்டவர்கள் அதன் பயனையும் அறிந்திருந்தனர். முற்றமும் திண்ணையும் உடைய வீட்டிற் கடற்காற்று உலாவிற்று. அத்தகைய வீட்டில் இவ்வளிகள் தேங்கி நிற்றல் அரிது. இன்றோ குளிரூட்டியை நாடி, கதவையும் சாளரத்தையும் இறுக அடைத்து, அடைபட்ட காற்றையே குழந்தைகளுக்கு மூச்சாகக் கொடுக்கின்றோம்.

அளவு மிகுந்திருப்பின் தளத்தின் வெடிப்புகளை அடைக்க வேண்டும். அளவு தெரியுமுன்னரே, பொருட்செலவின்றி இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு: காற்றுக்கு அதன் வழியைத் திருப்பிக் கொடுங்கள்.