குவாய் பாலமும் படத்தில் இல்லாத தமிழரும்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஆனாலும் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தை முதன்முதலாகப் பார்த்தது சென்ற கோடை விடுமுறையில்தான். எங்கள் பள்ளியில் சிறார் திரைப்பட விழாவுக்கு நான் பொறுப்பாசிரியர். ‘சண்டைப் படம் போடுங்க டீச்சர்’ என்று பிள்ளைகள் ஆண்டு முழுக்க நச்சரித்தார்கள். எதைத் திரையிடுவதானாலும் முன்கூட்டியே நான் ஒருமுறை பார்த்துவிடுவேன். மயிலாப்பூர் வீட்டில் ஒரு ஞாயிறு பிற்பகல் உட்கார்ந்தேன். இரண்டே முக்கால் மணி நேரப் படம்.

1957-இல் டேவிட் லீன் இயக்கியது. ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயப் படைவீரர்கள் சயாம் காட்டில் ரயில் பாலம் கட்டுகிறார்கள். அதிகாரிகள் கூலி வேலை செய்யமாட்டார்கள் என்று பிடிவாதம் பிடித்து, கொதிக்கும் தகரக் கூண்டில் அடைபட்டுக் கிடக்கிறார் கர்னல் நிக்கல்சன். அதே மனிதர் பிறகு எதிரிக்காகக் கட்டும் பாலத்தின் மீதே பெருமை கொண்டுவிடுகிறார். அலெக் கின்னஸின் நடிப்பு அபாரம். கடமையே கண்ணாக இருப்பவர் எதற்காகக் கடமை செய்கிறோம் என்பதை எப்படி மறந்துபோகிறார் என்பதை இவ்வளவு நன்றாகச் சொன்ன படம் நான் பார்த்ததில்லை. (பாடத்திட்டத்தை முடிப்பதே குறியாக ஓடும் மார்ச் மாதத்தில் எனக்கும் அவர் நினைவு வருவதுண்டு.)

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “இது சயாமாடி? எங்க பெரியப்பா மலாயாவுல ரப்பர் தோட்டத்துக்குப் போனாரு. அங்கேருந்து சயாம் ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்வாங்க. திரும்பவே இல்ல.”

அதன்பின் மீதிப் படத்தை வேறு கண்ணோடு பார்த்தேன். பாலம் கட்டுபவர் அத்தனை பேரும் வெள்ளையர். ஜப்பானியரையும் உள்ளூர் கிராமத்தினர் சிலரையும் தவிர ஆசிய முகமே இல்லை. இத்தனைக்கும் படம்பிடித்த இடம் இலங்கையின் கித்துள்கல, களனி ஆற்றங்கரை.

அடுத்த சில சனிக்கிழமைகள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கழிந்தன. சயாமின் பான்போங்கையும் பர்மாவின் தன்பியூசாயத்தையும் இணைக்கும் அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். போர்க் கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர்: பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இறந்த தொழிலாளர் எண்ணிக்கை 70,000 என்பாரும் உண்டு, ஒரு லட்சத்துக்கும் மேல் என்பாரும் உண்டு.

ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை போயிற்று. நல்ல கூலி, அரிசி, சில மாத வேலை என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாததால் பிறகு யாரும் முன்வரவில்லை. அப்போது பலவந்தமாகப் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டம் சேர்த்து, கதவைப் பூட்டி, ஆண்களை ரயிலேற்றியதாகவும் பதிவுகள் உண்டு. திரைப்பட விழா நடத்தும் எனக்கு அதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

சாவு விகிதத்தில் ஏன் இவ்வளவு வேறுபாடு? கைதிகளும் பட்டினியும் அடியும்தான் அனுபவித்தார்கள். ஆனால் அவர்களிடம் படையின் கட்டுக்கோப்பு இருந்தது. சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது தொழிலாளர் கொட்டகைகளில் இவை எதுவுமே இல்லை. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு.

கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, ஒளித்து எழுதிய நாட்குறிப்புகள் இருந்தன. போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேடியெடுத்தார்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சுமார் 7,000 பேர் அடக்கம். தொழிலாளர்களுக்குப் பட்டியலே இல்லை. ஆவணம் இருந்த பக்கத்தில்தான் கதையும் படமும் உருவாயின. மலேசியத் தமிழர்களோ தாங்களாக எழுதி வைத்தார்கள்; ஆர்.சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அப்படி வந்தது. 2024-இல்தான் காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென ஒரு நடுகல் எழுந்தது.

ஜூலையில் ஹைடெக் ஆய்வகத்தில் படத்தின் பத்தே நிமிடத்தைத் திரையிட்டேன்: கைதிகள் சீழ்க்கையடித்தபடி முகாமுக்குள் நடந்துவரும் காட்சி. முழுப்படம் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நீளம், ஆங்கிலமும் கடினம். பிறகு சுவரில் வரைபடத்தை மாட்டி, “இந்தப் படத்தில் யாரைக் காணோம்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. “சமைச்சவங்க” என்றாள் ஒருத்தி. “காட்டை வெட்டுனவங்க” என்றான் இன்னொருவன். அதன்பின்தான் மேலே எழுதிய எண்களைச் சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “லிஸ்ட்டே இல்லன்னா ஒரு லட்சம்னு எப்படி டீச்சர் சொல்றாங்க?” அந்தப் பாடவேளையின் எஞ்சிய நேரம் முழுவதும் அதற்கே போயிற்று. மதிப்பீடு என்றால் என்ன, போருக்குப் பின் தோட்டங்களுக்குத் திரும்பியவர்களை வைத்துத் திரும்பாதவர்களை எப்படிக் கணக்கிடலாம், அதில் எங்கே பிழை வரும் என்று பேசினோம். எண்களை மனப்பாடம் செய்யும் வகுப்பில் எண்ணைச் சந்தேகிக்கும் கேள்வி எழுவது அபூர்வம்.

மணி அடித்த பிறகு அவன் மேசையருகே வந்து, “உங்க அம்மாவோட பெரியப்பா பேரு என்ன டீச்சர்?” என்றான். எனக்குத் தெரியவில்லை. மாலையில் அம்மாவைக் கேட்டேன். அவருக்கும் ‘பெரியப்பா’ என்றுதான் தெரியும். கும்பகோணத்தில் இருக்கும் அக்காவிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.