மலைப்பாதைக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

உத்தராகண்ட் மாநிலத்தில் டேராடூனிலிருந்து முசூரி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அத்தூரத்திற்குள் சாலை சுமார் 640 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டர் வரை ஏறிவிடுகிறது. சுற்றுலாவாக ஒரு நாள் சென்று வருவோர்க்கு எந்த வண்டியும் போதும். ஆனால், மலையூர்களில் பணிபுரியும் ஆசிரியர்கள், செவிலியர்கள், சிறு வணிகர்கள் ஆகியோர் இத்தகைய பாதைகளில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். இருசக்கர வாகனக் கடன் கோரி வங்கிக்கு வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, மாதத் தவணை எவ்வளவு என்பதையே. மலையில் ஓட்டப்போகும் வண்டிக்கு அக்கேள்வியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுவது நல்லது.

ஏற்றத்தில் கைகொடுப்பது வண்டியின் உச்ச வேகமன்று. எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது இழுவை. 100 சி.சி. வண்டிகள் பொதுவாக 8 நியூட்டன் மீட்டர் அளவிலும், 125 சி.சி. வண்டிகள் 11 அளவிலும் முறுக்குவிசை தருகின்றன. அதுவும் நிமிடத்திற்கு 6,000 சுழற்சியை ஒட்டியே முழு அளவு கிடைக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், எஞ்சினின் ஆற்றலும் அதற்கேற்பக் குறைகிறது. இன்றைய வண்டிகளின் எரிபொருள் உட்செலுத்து முறை பெட்ரோலின் அளவைத் திருத்துமேயன்றி, இல்லாத காற்றை உண்டாக்கித் தராது. எனவே, பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு 100 சி.சி. வண்டி மலையேறும்போது முதல் இரண்டு கியர்களிலேயே முனகிக்கொண்டிருக்கும். கிளட்ச் விரைவில் தேயும். விளம்பரத்தில் கண்ட மைலேஜும் கிடைக்காது.

அப்படியாயின் 350 சி.சி. வண்டியே சிறந்ததா? 4,000 சுழற்சியிலேயே 27 நியூட்டன் மீட்டர் தரும் வண்டிகள் அவ்வகையில் உண்டு. மலைக்கு அவை இன்பமானவை. ஆனால் அவற்றின் எடை 180 கிலோவுக்கு மேல். சரிவில் முகம் கீழ்நோக்கி நிறுத்திய அத்தகைய வண்டியைத் தனியாளாகப் பின்னே தள்ளிப் பார்த்தவர்க்கு அதன் பொருள் விளங்கும். விலையும் பெட்ரோல் செலவும் வேறு.

ஏற்றத்தைவிட இறக்கமே முக்கியம் என்பது நமது கருத்து. ஏற முடியாத வண்டி வழியில் நின்றுவிடும்; இறக்கத்தில் நிற்காத வண்டி உயிருக்கே ஆபத்து. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய பாதையில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியை வாங்குவதே முறை. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது, அதற்குட்பட்டவற்றுக்கு இரு பிரேக்குகளும் இணைந்து செயல்படும் சி.பி.எஸ். இருந்தாலே போதும் என அவ்விதி அனுமதித்தது. மழையில் நனைந்த வளைவில் இவ்வேறுபாடு பெரிது. கியர் வண்டியில் இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தை அடக்கும். கியரற்ற ஸ்கூட்டரில் அவ்வுதவி குறைவு. பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவோரும் உளர். மிச்சமாவது சில ரூபாய். பணயம் வைப்பது உயிர்.

தனியாகச் செல்வோர்க்கு முன் டிஸ்க் உள்ள 125 சி.சி. வண்டி போதும். நாள்தோறும் இருவர் செல்வதாயின், அல்லது சுமை ஏற்றுவதாயின், ஏ.பி.எஸ். உள்ள 150 அல்லது 160 சி.சி. வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணன்று. வாங்குமுன், உடன் வருபவரையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஏற்றத்தின் நடுவே நிறுத்தி மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இனி, தவணை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. எடுத்துக்காட்டாக, 80,000 ரூபாய்க் கடனுக்குக் குறையும் நிலுவை மீது 11 சதவீத வட்டி எனக் கொள்வோம். மூன்றாண்டுக்கு மாதத் தவணை சுமார் 2,619 ரூபாய். ஐந்தாண்டுக்கு 1,739 ரூபாய். தவணை இலேசாகிறது, ஆயின் மொத்த வட்டி சுமார் 14,300 ரூபாயிலிருந்து 24,400 ரூபாயாக உயர்கிறது. வண்டி விற்பனையிடத்தில் '7 சதவீதமே' என்று கூறப்பட்டால், அது முழுக் கடன்மீதும் இறுதிவரை கணக்கிடும் ஃப்ளாட் வட்டியா என்று கேட்க வேண்டும். மூன்றாண்டுக் கடனில் அது குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 13 சதவீதத்திற்குச் சமம். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ள முக்கிய விவர அறிக்கையில், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம் இருக்கும். கையொப்பமிடுமுன் அதனைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

காப்பீட்டிலும் கவனம் தேவை. புதிய வண்டியுடன் வரும் ஐந்தாண்டுக் காப்பீடு மூன்றாம் நபருக்கானதே. மலைச்சாலையில் பாறை உருண்டோ மண் சரிந்தோ வண்டி சேதமுற்றால், சொந்தச் சேதப் பிரிவு நடப்பில் இருந்தாலன்றி இழப்பீடு கிடைக்காது. அப்பிரிவு பெரும்பாலும் ஓராண்டுக்கே இருப்பதால், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொகையையும் மாதச் செலவோடு சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே எத்தனை ரூபாய் கடன் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்.