தலைக்கு மேலே ஒரு கூரை

இரவில் கடைகள் மூடியதும் கடை வாசலில் சிலர் சாக்கு விரித்துப் படுக்கிறார்கள். ரயில் நிலையத்தின் வெளியே சிலர் படுக்கிறார்கள். பாலத்தின் அடியில் சில குடும்பங்கள் படுக்கின்றன. விடிந்ததும் சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இவர்கள்தான் வீடற்றவர்கள்.

"சோம்பேறிகள்" என்று இவர்களைச் சிலர் சொல்வார்கள். "பிச்சைக்காரர்கள்" என்று சிலர் நினைப்பார்கள். அது சரியல்ல. மூட்டை தூக்குபவர், ரிக்‌ஷா இழுப்பவர், கட்டட வேலை செய்பவர், பழைய பேப்பர் பொறுக்குபவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர் என்று பலரும் இவர்களில் உண்டு. நகரத்துக்கு இவர்களின் உழைப்பு வேண்டும். ஆனால் இவர்கள் படுத்து உறங்க நகரத்தில் இடம் இல்லை.

எத்தனை பேர்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களையும் எண்ணுகிறார்கள். பகலில் எண்ண முடியாது. வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் இரவில் போய் எண்ணுகிறார்கள்.

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு அப்படி எண்ணினார்கள். சாலை ஓரம், நடைபாதை, பெரிய சிமெண்ட் குழாய், பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் பிளாட்பாரம் என்று தேடிப் போனார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் வீடு இல்லாமல் இருந்தார்கள். நகரங்களில் மட்டும் 9 லட்சத்துக்கும் மேல். ஓர் இரவில் எண்ணும்போது சந்து பொந்துகளில் படுத்திருப்பவர் விடுபட்டுப் போகலாம். ஆகவே உண்மைக் கணக்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஏன் வீடு இல்லை?

சேலத்துக்காரர் ஒருவரின் கதை உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவருக்குச் சொந்த நிலம் இல்லை. பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தார். மழை பொய்த்தது. வேலை போயிற்று. 1961-ல் பிழைப்புத் தேடி பம்பாய்க்குப் போனார். இன்று அந்த நகரத்தின் பெயர் மும்பை. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தினக்கூலி 23 ரூபாய். அந்தக் கூலியில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு குடிசையில் குடும்பத்தோடு தங்கினார். அந்த இடத்துக்கும் ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டான்.

வீடு இழப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. கடனில் வீடு போய்விடுகிறது. வெள்ளத்தில் குடிசை போய்விடுகிறது. குடிகாரக் கணவனின் அடி தாங்காமல் ஒரு பெண் பிள்ளைகளோடு வெளியேறுகிறாள். வயதான பெற்றோரை மகன் கைவிடுகிறான். மனநோய் வந்தவர் வழி தெரியாமல் அலைகிறார். நடைபாதைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை.

விரட்டினால் தீருமா?

1981 ஜூலை மாதம் பம்பாயில் நடைபாதைக் குடிசைகளை அகற்றினார்கள். அது மழைக்காலம். சேலத்துக்காரரின் குடிசையையும் மாநகராட்சி ஊழியர்கள் பிரித்துப் போட்டார்கள். குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். பிறகு என்ன நடந்தது? மனைவியும் பெண் பிள்ளைகளும் சேலத்தில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் பம்பாய்க்குத் திரும்பி வந்தார். மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்தார்.

ஏன் திரும்பினார்? சேலத்தில் வேலை இல்லை. வேலை பம்பாயில் இருந்தது. வேலை இருக்கும் இடத்துக்கு அருகில்தான் மனிதன் படுக்க இடம் தேடுவான். இதைப் புரிந்துகொள்ளாமல் விரட்டினால், குடும்பம்தான் பிரியும். நடைபாதை காலியாகாது.

அவரைப் போன்றவர்களும் ஒரு பத்திரிகையாளரும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. "பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பது போல. பிழைக்கும் உரிமை, உயிர் வாழும் உரிமையில் அடங்கும்" என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. நடைபாதை நடப்பதற்குத்தான், அதை அடைத்துக் குடியிருக்க உரிமை இல்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதே முறை என்றது. மழைக்காலம் முடிந்து, அக்டோபர் 31 வரை அகற்றக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது.

வருமுன் காப்பது

வீடு இழந்த பிறகு உதவுவது ஒரு வேலை. வீடு இழக்காமல் காப்பது அதைவிடப் பெரிய வேலை. இரண்டிலும் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் பங்கு உண்டு. 1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 18 வகைப் பணிகளை நகராட்சிகளுக்கு உரியவை என்று பட்டியல் போட்டது. குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதும், நகர்ப்புற ஏழ்மையைக் குறைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஒடிசா மாநிலம் ஒரு நல்ல வழியைக் காட்டியது. அங்கே 2017-ல் ஒரு சட்டம் வந்தது. நகரங்களில் அரசு நிலத்தில் குடிசை போட்டு வாழும் ஏழைகளுக்கு அந்த இடத்தின் உரிமைச் சான்றிதழைக் கொடுக்க வழி செய்தது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் சான்றிதழ். பிள்ளைகளுக்கு அது சேரும். வீடு கட்டக் கடன் வாங்க அதை அடமானம் வைக்கலாம். ஆனால் பிறருக்கு விற்க முடியாது. ஏன் அப்படி? விற்றுவிட்டால் குடும்பம் மறுபடி தெருவுக்கு வந்துவிடும் அல்லவா? நாளை யாராவது வந்து இடித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லாதவர்தான் மண்சுவரை இடித்துவிட்டுச் செங்கல் சுவர் கட்டுவார்.

இரவுக்கு ஓர் இடம்

ஏற்கெனவே தெருவில் இருப்பவர்களுக்கு என்ன செய்வது? அவர்களுக்குத்தான் காப்பகம்.

2009 டிசம்பரில் டில்லியில் கடும் குளிர். பூசா சாலையில் வீடற்றவர்கள் தங்கியிருந்த ஒரு கூடாரம் அகற்றப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் அப்போது உணவு உரிமை வழக்கு நடந்துகொண்டிருந்தது. வயிற்றில் பசி, வெளியே குளிர், இரண்டும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்பது நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 2010 ஜனவரியில் டில்லியில் உடனே காப்பகங்கள் அமைக்க உத்தரவு வந்தது. பிறகு மற்ற மாநிலங்களின் பெரிய நகரங்களுக்கும் உத்தரவு போயிற்று. 1 லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது ஆண்டு முழுவதும், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு.

2013 முதல் 2024 வரை நடந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்குப் பணம் கொடுத்தது. காப்பகம் எப்படி இருக்க வேண்டும் என்றும் வகுத்துச் சொன்னது. ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும். குடிநீர், கழிப்பறை, குளியலறை, சமையலறை வேண்டும். உடைமைகளைப் பூட்டி வைக்கப் பெட்டி வேண்டும். ஆண்களுக்கு, பெண்களுக்கு, குடும்பங்களுக்கு, முதியோருக்கு, நோயாளிகளுக்குத் தனித்தனிக் காப்பகங்கள் வேண்டும். திட்டங்களின் பெயர் மாறலாம். நகராட்சியின் கடமை மாறாது.

டில்லியில் ஆண்டுதோறும் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை குளிர்காலத் திட்டம் ஒன்று நடக்கிறது. கூடுதல் கூடாரங்கள் போடுகிறார்கள். இரவில் வண்டிகள் சுற்றி வந்து, திறந்த வெளியில் படுத்திருப்பவர்களைக் காப்பகத்துக்கு அழைத்துப் போகின்றன. சென்னை மாநகராட்சி அரசு மருத்துவமனை வளாகங்களிலும் காப்பகம் நடத்துகிறது. வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்தவர்கள் மருத்துவமனை வாசலில் படுக்க வேண்டியதில்லை.

காப்பகம் இருந்தும் ஏன் வெளியே?

சில ஊர்களில் காப்பகத்தில் இடம் காலியாக இருக்கும். நடைபாதையில் ஆட்கள் படுத்திருப்பார்கள். "கூப்பிட்டாலும் வருவதில்லை" என்று அதிகாரிகள் சொல்வார்கள். அவர்களைக் கேட்டால் காரணம் தெரியும்.

காய்கறிச் சந்தையில் அதிகாலை 3 மணிக்கு லாரி வரும். அப்போது அங்கே இருப்பவருக்குத்தான் கூலி. காப்பகம் 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அவர் எப்படிப் போவார்? ரிக்‌ஷாவை வெளியே விட்டுவிட்டு உள்ளே உறங்கினால், காலையில் ரிக்‌ஷா இருக்குமா? கணவன் ஒரு கட்டடத்தில், மனைவியும் பிள்ளையும் வேறொரு கட்டடத்தில் என்றால், குடும்பம் பிரிந்து போக விரும்புமா? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத இடத்துக்கு ஒரு பெண் வருவாளா?

ஆகவே கட்டடம் கட்டுவதற்கு முன், வீடற்றவர்களையே கேட்க வேண்டும். எங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் குடும்பத்தோடு இருக்கிறார்கள் என்று வார்டு வார்டாகக் கணக்கு எடுக்க வேண்டும். சந்தை, பஸ் நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை ஆகியவற்றின் அருகில் காப்பகம் அமைக்க வேண்டும்.

முகவரி இல்லாதவருக்கு உரிமை இல்லையா?

வீடு இல்லாதவருக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாதவருக்கு ரேஷன் கார்டு கிடைப்பது கடினம். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் கடினம். இப்படி ஒரு கதவு மூடினால் எல்லாக் கதவும் மூடுகிறது.

ஓட்டுரிமைக்குத் தேர்தல் ஆணையம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. வீடற்றவர் தாம் படுக்கும் இடத்தை விண்ணப்பத்தில் எழுதலாம். வாக்குச்சாவடி அலுவலர் இரவில் அங்கே வந்து பார்ப்பார். ஓர் இரவு அல்ல, பல இரவுகள் வருவார். அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று தெரிந்தால் போதும். குடியிருப்புக்கு வேறு சான்று தேவையில்லை. நல்ல காப்பகம் என்பது படுக்க இடம் தருவதோடு நிற்பதில்லை. ரேஷன் கார்டு, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, மருத்துவம், பள்ளி ஆகிய எல்லாவற்றுக்கும் வழிகாட்டும். காப்பகம் கடைசி இடம் அல்ல. சொந்தக் கூரைக்குப் போகும் வழியில் ஒரு திண்ணை.

என்ன செய்யலாம்?

தெருவில் ஒருவர் மழையில் நனைந்து கிடந்தால், மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ தெரிவிக்கலாம். வார்டு உறுப்பினரிடம் காப்பகம் எங்கே என்று கேட்கலாம். இல்லை என்றால், ஏன் இல்லை என்று மனு எழுதிக் கேட்கலாம். படிக்கவும் எழுதவும் தெரிந்தவர், தெரியாத ஒருவருக்கு மனு எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

யோசித்துப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் இரவில் வெளியே படுப்பவர்கள் யார்? அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

2. சேலத்துக்காரர் பம்பாய்க்குத் திரும்பிப் போனது சரியா? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

3. உங்கள் ஊரில் ஒரு காப்பகம் கட்டினால், எந்த இடத்தில் கட்டச் சொல்வீர்கள்? ஏன்?