பேராதனையா, யாழ்ப்பாணமா?

சென்ற விடுமுறையில் ஒரு நாள் மாலை, என் பழைய மாணவி ஒருத்தி தன் தகப்பனாருடன் வீட்டிற்கு வந்திருந்தாள். எங்கள் கல்லூரியில் என்னிடம் வரலாறு கற்றவள்; பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்று, கலைப்பீடத்தில் முதலாண்டை முடித்தவள். இனி வரலாற்றையே சிறப்புப் பாடமாகக் கொள்ளப் போகிறாள். "சேர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மாறி வரலாமோ என்று யோசிக்கிறேன்" என்றாள். தகப்பனார் ஒன்றும் பேசாமல் முற்றத்து வேம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுச் சாப்பாடு, பஸ் செலவு, பெண்பிள்ளை தூரத்தில் தனித்திருத்தல் முதலியன கணக்கிற் கொள்ளத் தக்கவையே. அவற்றைப் பற்றி ஆசிரியன் சொல்ல அதிகமில்லை; குடும்பமே தீர்மானிக்கலாம். ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. "நான் படிக்க விரும்பும் வரலாறு இந்த மண்ணுக்குள் கிடக்கிறது. மலைநாட்டில் இருந்துகொண்டு அதை எப்படிப் படிப்பது?"

அவள் சொன்னதில் உண்மை உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலாவின் வாழ்க்கையே அதற்குச் சான்று. அவர் பேராதனையிற் கற்று, அங்கேயே கற்பித்து, 1965 இல் இலங்கைத் தமிழர் குடியேற்றங்கள் பற்றி லண்டன் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேடு அளித்தவர். 1974 இல் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்தில், யாழ்ப்பாண வளாகம் தோன்றிற்று. அடுத்த ஆண்டு அவர் இங்கே வரலாற்றுப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். 1980 இல் அவருடைய குழுவினர் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றை அகழ்ந்தபோது, பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை ஒன்று வெளிப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து சைக்கிளிற் போய்வரக்கூடிய தூரத்தில் கிடைத்த பொருள் அது! இத்தகைய புதுச் சான்றுகளைக் கண்டபின், தம் பழைய ஆய்வேட்டின் முடிவுகளை 2005 இல் வெளிவந்த நூலில் அவரே திருத்திக்கொண்டார். நாற்பது ஆண்டுக்குப் பின் தம் கருத்தைத் தாமே மறுக்கும் துணிவு எல்லா அறிஞர்க்கும் வாய்ப்பதன்று.

இதையெல்லாம் கேட்ட மாணவியின் முகம் மலர்ந்தது. தகப்பனார் அப்போதுதான் வாய் திறந்தார்.

"மாஸ்ரர், நானும் பேராதனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து படித்தவன்தான். ஆனால் நான் மாறி வரவில்லை."

அவர் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1983 மே மாதத்தில் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். யூலையில் நாடே எரிந்தது. தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்ப அஞ்சிய மாணவர்கள் தம்மை யாழ்ப்பாணத்திற் சேர்க்குமாறு கேட்டு நின்றனர்; 1984 சனவரியில் அதற்காக இங்கே உண்ணாவிரதமும் நடந்தது. அவ்வாறு வந்தவர்களுள் இவரும் ஒருவர். இரவல் வாங்கிய நூல் ஒன்று அறையிலேயே கிடந்ததாம். நூலகத்திற்குத் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று இன்றும் வருந்துகிறார். "எனக்குக் கிடையாமற் போன மூன்று ஆண்டும் பிள்ளைக்குக் கிடைத்திருக்கின்றன. தானாக விட்டு வருகிறேன் என்கிறாளே, அதுதான் மனம் கேட்கவில்லை" என்றார்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கையில் ஆசிரியன் என் செய்வான்? நான் நயினாதீவுக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அக்கல், பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தமிழிற் கூறுவது. ஊராத்துறையாகிய ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியது அவ்வாணை. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு; ஏனைய வணிகச் சரக்குக் கப்பலாயின் சரிபாதி. கல் நிற்பது எங்கள் தீவில். ஆணையிட்ட மன்னன் அரசிருந்ததோ பொலன்னறுவையில். அவன் வரலாற்றைக் கூறும் சூளவம்சமோ பாளி மொழியில். இக்கல்லை முழுமையாக அறிய விரும்புபவன் எந்தப் பல்கலைக்கழகத்திற் படிக்க வேண்டும்?

பேராதனையில் அவளுக்குக் கிடைக்கக்கூடியவற்றையும் எடுத்துச் சொன்னேன். நாட்டின் பெரிய நூலகங்களுள் ஒன்று அங்கே உண்டு. எங்கள் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது 90,000 க்கு மேற்பட்ட நூல்களை இழந்தோம் என்பதை மறக்கலாகாது. சிங்கள மாணவரோடு ஒரே விடுதியில் இருந்து அவர்கள் மொழியைப் பேசப் பழகலாம், பாளியும் தொடங்கலாம். இங்கே அகழ்வுக்குழி அருகில் இருக்கும். அங்கே அக்குழியிற் கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்கும் நூல்கள் அருகில் இருக்கும். என் குறையையும் மறைக்கவில்லை. போர்க்காலத்தில் ஊரை விட்டு அசையாது படித்தவன் நான். கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. எங்கள் ஊர்ப் பெயர்கள் மட்டும் விளங்கின. மற்றொரு சொல்லும் விளங்கவில்லை.

மாற்றம் என்பது கேட்டவுடன் கிடைப்பதன்று என்பதையும் மாணவர் உணர வேண்டும். இரு பல்கலைக்கழகங்களின் இசைவும் வேண்டும். அங்கே படித்த பாடங்கள் இங்கே ஏற்கப்படுமா என்பதை எழுத்தில் கேட்டறிய வேண்டும். நண்பர் வாய்ச்சொல்லை நம்பி விண்ணப்பித்து ஓராண்டை இழந்தவரை நான் அறிவேன். சிறப்புப் பட்டத்திற்கு நான்கு ஆண்டு. அதில் ஓராண்டு சிறிதன்று.

"இறுதியாண்டு ஆய்வுக்கு எந்த ஊரை எடுப்பது என்பதை நீதானே தீர்மானிக்கலாம், பிள்ளை?" என்று கேட்டேன். அவள் விடை சொல்லாமல் எழுந்து போனாள்.

இரண்டு வாரம் கழித்துப் பேராதனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். மாறவில்லை, சிங்கள வகுப்பிற் சேர்ந்திருக்கிறாள், ஆய்வுக்கு ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை எடுக்க எண்ணம். அடுத்த விடுமுறையில் தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு குறிகாட்டுவானில் படகேறி, நயினாதீவுக்குப் போய் வந்தாள். போகும் வழியில் என் வீட்டில் நின்று, அக்கல்வெட்டைப் பற்றி இந்திரபாலா எழுதிய கட்டுரையின் படியை வாங்கிச் சென்றாள். இன்னும் திருப்பித் தரவில்லை.