நிகழ்பட ஆட்டக் கருவிகளின் பின்னோக்கிய இணக்கம்

பின்னோக்கிய இணக்கம் என்பது, புதிதாக வெளிவரும் ஒரு நிகழ்பட ஆட்டக் கருவியில், அதற்கு முந்தைய கருவிக்காக உருவாக்கப்பட்ட ஆட்டங்களையும் விளையாட முடியும் தன்மையைக் குறிக்கும். கணினித் துறையில் இதனை பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்பர். நிகழ்பட ஆட்டம் மக்கள் வழக்கில் வீடியோ கேம் என்றும், அதற்கான கருவி கன்சோல் என்றும் அழைக்கப்படுகின்றன. ஒரு வீட்டில் பத்து ஆண்டுகளாகச் சேர்த்த கேசட்டுகளும் வட்டுகளும் புதிய கருவி வாங்கிய பிறகும் பயன்படுமா, பழைய கருவி பழுதானதும் வீணாகுமா என்பதை இந்தத் தன்மையே முடிவு செய்கிறது. இந்தியாவில் கன்சோலுக்காக முதன்முதலில் உருவாக்கப்பட்ட ஆட்டங்கள் இன்று கடைகளில் கிடைக்கும் எந்தப் புதிய கருவியிலும் இயங்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

இணக்கம் ஏன் இயல்பாக அமைவதில்லை?

ஓர் ஆட்டம் என்பது கருவியின் மையச் செயலிக்குத் தரப்படும் கட்டளைகளின் தொகுப்பு. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனிக் கட்டளை மொழி உண்டு. செயலி மாறினால் பழைய கட்டளைகள் புரியாமல் போகும். செயலி மட்டுமன்றி, படத்தை வரையும் சில்லு, ஒலிச் சில்லு, நினைவகத்தின் அமைப்பு, கேசட் செருகும் இடம் ஆகியவையும் பொருந்த வேண்டும்.

சென்னையின் இரயில் பாதைகளைக் கொண்டு இதனை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் பாதை அகலப்பாதை. கடற்கரை–தாம்பரம் பாதையில் 2004 வரை மீட்டர் பாதை மின்தொடர்கள் ஓடின. இரண்டும் மின்சார இரயில்களே. ஆயினும் அன்றைய தாம்பரம் வண்டியை ஆவடிப் பாதையில் ஓட்ட இயலவில்லை. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் வேறு. இரு வகை வண்டிகளும் ஒரே பாதையில் ஓட வேண்டுமானால் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போட வேண்டும். அதற்குச் செலவாகும். ஆட்டக் கருவிகளின் நிலையும் இதுவே.

இணக்கம் தரும் மூன்று முறைகள்

முதல் முறை, பழைய சில்லையே புதிய கருவிக்குள் வைத்துவிடுவது. மேலே கூறிய மூன்றாவது தண்டவாளம் போன்றது இது. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் 2 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதனுள் முதல் பிளேஸ்டேஷனின் மையச் செயலி இருந்தது. புதிய ஆட்டங்கள் ஓடும்போது அது கைப்பிடி, நினைவக அட்டை போன்றவற்றைக் கவனிக்கும் துணைச் செயலியாக வேலை செய்தது. பழைய வட்டைப் போட்டால் அதுவே மையச் செயலியாக மாறியது. இதனால் சில்லு எந்நேரமும் பயன்பட்டது. பழைய ஆட்டங்களுக்காக மட்டும் கூடுதல் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை. பழைய கைப்பிடியும் பழைய நினைவக அட்டையும்கூட அதே துளைகளில் பொருந்தின.

இரண்டாம் முறை, எமுலேட்டர் எனப்படும் மென்பொருள். இது பழைய கருவியைப் போல நடித்து, பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் புதிய செயலியின் மொழிக்கு மாற்றிச் சொல்லும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துப் பேசுவதைப் போன்றது. நடுவில் ஒருவர் இருப்பதால் நேரம் கூடும். ஆகவே புதிய செயலி பழையதைவிடப் பல மடங்கு விரைவாக இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360, முதல் எக்ஸ்பாக்ஸின் ஆட்டங்களில் ஒரு பகுதியை இவ்வாறுதான் இயக்கியது. முதல் எக்ஸ்பாக்ஸில் இருந்தது இன்டெல் செயலி. 360-இல் இருந்தது பவர்பிசி வகைச் செயலி.

மூன்றாம் முறை, புதிய கருவியையும் பழைய கருவியின் செயலிக் குடும்பத்திலேயே அமைப்பது. பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டிலும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எக்ஸ்86 வகைச் செயலிகள் உள்ளன. எனவே மிகச் சில தவிர, பிளேஸ்டேஷன் 4-இன் ஆட்டங்கள் அனைத்தும் பிளேஸ்டேஷன் 5-இல் இயங்குகின்றன.

இந்தியாவில் கேசட் காலம்

1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் இந்திய வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் 8 பிட் கருவிகள். நின்டென்டோவின் என்.இ.எஸ். கருவி இங்கே சாமுராய் என்ற பெயரில் விற்கப்பட்டது. அதைவிட மிகுதியாகப் பரவியவை மீடியா போன்ற பெயர்களில் வந்த நகல் கருவிகள். இவை 1983-இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் கருவியின் படிகள். தமிழ்நாட்டில் இவற்றை டிவி கேம் என்றும், ஆட்டம் பதிந்த பெட்டியைக் கேசட் என்றும் அழைத்தனர். மரியோ, கான்ட்ரா, துப்பாக்கியால் வாத்து சுடும் ஆட்டம் ஆகியவை இக்காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்தவை.

இந்த நகல் கருவிகளிடம் ஒரு வியப்பான பண்பு இருந்தது. ஃபேமிகாம் கேசட்டில் 60 இணைப்பு முனைகள் உண்டு, அமெரிக்க என்.இ.எஸ். கேசட்டில் 72. நகல் கருவிகள் பெரும்பாலும் 60 முனை அமைப்பையே பின்பற்றின. ஆகவே ஒரு பெயரில் வந்த கருவிக்காக வாங்கிய கேசட் வேறு பெயருள்ள கருவியிலும் ஓடியது. கருவி பழுதானால் எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கினாலும் பழைய கேசட் வீணாகவில்லை. நண்பர்களிடையே கேசட்டுகளை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. முறையான உரிமம் இல்லாத கருவிகளே இந்திய வாடிக்கையாளருக்கு மிக நீண்ட இணக்கத்தைத் தந்தன என்பது இத்துறை வரலாற்றின் ஒரு முரண்.

உரிமம் பெற்ற பெரிய கருவிகளின் விலை எட்டாததாக இருந்தது. 1995-இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் ரூ.18,000 விலையில் விற்றது. அக்காலத்தில் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பல மாத வருமானம் அது. சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இறக்குமதிக் கருவிகளுக்கும் பழுது பார்ப்பதற்கும் பெயர் பெற்ற இடங்களாக விளங்கின.

பிளேஸ்டேஷன் 2-இன் வெற்றி

முதல் பிளேஸ்டேஷன் உலக அளவில் 10 கோடிக்கும் மேல் விற்றது. அவ்வளவு பேரிடம் இருந்த வட்டுகளையும் ஏற்றுக்கொண்டு வந்ததால், பிளேஸ்டேஷன் 2-ஐ வாங்கியவருக்கு முதல் நாளிலேயே ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. டி.வி.டி. படமும் பார்க்கலாம் என்பது மற்றொரு ஈர்ப்பு. சுமார் 16 கோடி விற்பனையுடன் அது உலகில் மிக அதிகம் விற்ற வீட்டுக் கருவியாக நிற்கிறது. இந்தியாவில் அதற்கு நீண்ட ஆயுள் கிடைத்தது. வெளிநாடுகளில் அடுத்த தலைமுறைக் கருவிகள் பரவிய பிறகும் இங்கே விலை குறைந்த பிளேஸ்டேஷன் 2 தொடர்ந்து விற்றது.

பிளேஸ்டேஷன் 3: இணக்கம் நீக்கப்பட்ட கதை

பிளேஸ்டேஷன் 3 இந்தியாவில் 2007 ஏப்ரலில் ரூ.39,990 விலையில் வெளியானது. 2006-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த தொடக்க வகைகளில் பிளேஸ்டேஷன் 2-இன் மையச் செயலியும் வரைகலைச் சில்லும் அப்படியே இருந்தன. ஆனால் இம்முறை அச்சில்லுகளுக்கு வேறு வேலை இல்லை. பழைய ஆட்டங்களுக்காக மட்டுமே அவை இருந்தன. கருவியின் தயாரிப்புச் செலவோ விற்பனை விலையைவிடக் கூடுதல். எனவே சோனி படிப்படியாகக் குறைத்தது. 2007 மார்ச்சில் ஐரோப்பாவில் வந்த வகையில் மையச் செயலி நீக்கப்பட்டு, அதன் வேலை மென்பொருளிடம் விடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 40 ஜிபி வகையில் பிளேஸ்டேஷன் 2 இணக்கமே இல்லை. முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகள் மட்டும் எல்லா வகைகளிலும் ஓடின.

பிளேஸ்டேஷன் 3-இன் செல் என்னும் செயலி வேறெதையும் போலல்லாத அமைப்பு உடையது. அதனை மென்பொருளால் போலச் செய்வது கடினம். ஆகவே 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இலும், 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-இலும் பிளேஸ்டேஷன் 3-இன் வட்டுகள் ஓடுவதில்லை.

முதல் இந்திய ஆட்டங்களின் நிலை

இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் ‘ஹனுமான்: பாய் வாரியர்’. ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்க, 2009-இல் அது வெளியானது. அதே ஆண்டில் ஐதராபாத்தின் கேம்சாஸ்திரா உருவாக்கிய ‘தேசி அட்டா’ வந்தது. கபடி, கிட்டிப்புள், பட்டம் விடுதல் போன்ற தெரு விளையாட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்த தொகுப்பு அது. 2011-இல் ‘ரா.ஒன்’ திரைப்படத்தையும், 2013-இல் ‘டான் 2’ திரைப்படத்தையும் ஒட்டிய ஆட்டங்கள் வெளியாயின.

இவற்றின் காலத்தைக் கவனித்தால் சிக்கல் விளங்கும். 2009-இல் கடைக்கு வந்த புதிய பிளேஸ்டேஷன் 3 கருவிகளில் பிளேஸ்டேஷன் 2 இணக்கம் இல்லை. 2013 சனவரியில் பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பே உலக அளவில் நின்றுவிட்டது. அதாவது, இந்தியர்கள் கன்சோல் ஆட்டம் உருவாக்கத் தொடங்கிய காலமும் அக்கருவிக்கான கதவு மூடப்பட்ட காலமும் ஒன்றாக அமைந்தன. ‘தேசி அட்டா’ பி.எஸ்.பி. கைக்கருவிக்கும் வந்தது; ஆனால் அடுத்து வந்த பி.எஸ். வீட்டா கருவியில் பி.எஸ்.பி. வட்டைப் போட இடமே இல்லை. ஆகவே இந்த ஆட்டங்களின் வட்டை இன்று ஒரு மாணவர் போட்டுப் பார்க்க வேண்டுமானால், இயங்கும் நிலையில் உள்ள பழைய கருவியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அக்கருவிகளில் வட்டைப் படிக்கும் லேசர் பகுதி தேய்ந்து பழுதாவது இயல்பு. ஆண்டுதோறும் இயங்கும் கருவிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

விற்பனையும் இணக்கமும்

இணக்கம் இருந்தால் கருவி நன்றாக விற்கும் என்பது பொதுவான கருத்து. எண்ணிக்கைகள் அதனை முழுமையாக ஏற்கவில்லை. 10 கோடிக்கு மேல் விற்ற வீ கருவியின் ஆட்டங்களை, 2012-இல் வந்த வீ யு கருவி ஏற்றது. ஆனால் அது விற்றது சுமார் 1.36 கோடி மட்டுமே. 2017-இல் வந்த ஸ்விட்ச் கருவி முந்தைய வட்டு எதையும் ஏற்கவில்லை. ஆயினும் 15 கோடிக்கும் மேல் விற்றது. புதிய ஆட்டங்களே ஒரு கருவியை விற்கின்றன. பழைய வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போகாமல் இருக்கவே இணக்கம் உதவுகிறது. சேர்த்த ஆட்டங்கள் மிகுதியாகும்போது இந்தப் பிடிப்பும் வலுப்படுகிறது. 2025 சூனில் வந்த ஸ்விட்ச் 2, முந்தைய ஸ்விட்சின் பெரும்பாலான ஆட்டங்களை ஏற்பதை இப்பின்னணியில் காணலாம்.

நிறுவனங்களுக்கு எதிர்த்திசையில் ஒரு ஆதாயமும் உண்டு. கருவியைக் குறைந்த இலாபத்திலோ இழப்பிலோ விற்று, ஆட்ட விற்பனையில் ஈட்டுவது இத்துறையின் வழக்கம். பழைய வட்டு ஓடாவிட்டால் அதே ஆட்டத்தை மெருகேற்றி மீண்டும் விற்கலாம். 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’, 2014-இல் பிளேஸ்டேஷன் 4-க்கும் 2022-இல் பிளேஸ்டேஷன் 5-க்கும் புதுப்பித்து விற்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் படத்தின் தரம் உயர்ந்தது உண்மை. பழைய வட்டை வைத்திருந்தவர் மீண்டும் பணம் கொடுக்க வேண்டியிருந்ததும் உண்மை.

வட்டிலிருந்து பதிவிறக்கத்துக்கு

2015 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஆட்டங்களை இயக்கும் வசதியைத் தந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய வட்டைப் போட்டால் ஆட்டம் வட்டிலிருந்து ஓடுவதில்லை. மாற்றியமைக்கப்பட்ட படி இணையத்திலிருந்து இறங்குகிறது. வட்டு, உரிமையைக் காட்டும் சீட்டாக மட்டுமே பயன்படுகிறது. ஆக, இவ்வகை இணக்கம் நிறுவனத்தின் வழங்கி இயங்கும் வரைதான் நிலைக்கும்.

வழங்கிகள் என்றும் இயங்குவதில்லை. வீ யு, 3டி.எஸ். கருவிகளுக்கான இணையக் கடையில் புதிதாக வாங்குவதை நின்டென்டோ 2023 மார்ச்சில் நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 சூலையில் மூடப்பட்டது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை.

தமிழர்க்கும் இதில் பங்கு உண்டு. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் வழியே சொல்லும் ‘வெண்பா’ என்னும் ஆட்டத்தை டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதை 2024-இல் அது பெற்றது. நூலாக இருந்தால் ஒரு படி நூலகத்தில் இருந்தாலே போதும். ஆட்டத்துக்கு அதனை இயக்கும் கருவியும் வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பழைய வட்டுகள் வைத்திருப்போர், வட்டு இயக்கி உள்ள கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கருவியில் வட்டு இயக்கி இல்லை. பிளேஸ்டேஷன் 5-இன் டிஜிட்டல் பதிப்பும் இயக்கி இல்லாமலே விற்கப்படுகிறது. பயன்படுத்திய பிளேஸ்டேஷன் 3 வாங்குவோர் மாதிரி எண்ணைப் பார்த்து, பிளேஸ்டேஷன் 2 வட்டு ஒன்றைக் கடையிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்கு, தாம் வைத்திருக்கும் ஆட்டம் இணக்கப் பட்டியலில் உள்ளதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். பாதுகாப்புப் பூட்டை உடைக்கும் மோட் சிப் பொருத்துவதில் சட்டச் சிக்கல் உண்டு: பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். இயங்கும் பழைய கருவி வீட்டில் இருந்தால், புதியது வந்த பிறகும் அதனைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருப்பதே எளிய வழி.